எந்தக் கறியில் சத்து அதிகம்?

ஊட்டச்சத்துப் பாடம் நடக்கும் எந்த வகுப்பிலும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. "ஆட்டுக்கறியில சத்து அதிகமா, மாட்டுக்கறியில அதிகமா டீச்சர்?" சில வகுப்புகளில் இது கேள்வியாக வராது, பின்வரிசையில் சிரிப்பாக வரும். பன்றிக்கறி என்ற சொல் வந்துவிட்டால் சிரிப்பு இன்னும் கூடும். அந்தச் சிரிப்பு அதே அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் வீட்டு அடுப்பைப் பார்த்துச் சிரிப்பது. அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும். "எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, அடுத்த பத்தியைப் பாருங்கள்" என்று கடந்துபோவது எளிது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு எண்களில் விடை இருக்கிறது. அந்த விடை சிரித்தவர்களையும் சிந்திக்க வைக்கும்.

ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஊட்டச்சத்து பற்றிய பாடம் வருகிறது. அதை ஒட்டி ஒன்றிரண்டு பாடவேளைகளில் நடத்தக்கூடிய செய்திகளை இங்கே தருகிறேன். அறிவியல் ஆசிரியர் மட்டுமல்லாமல் கணித ஆசிரியரும் இதை எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் இதில் பாதி விகிதக் கணக்குதான்.

முதலில் சிவப்பு இறைச்சி எது என்று தெளிவுபடுத்த வேண்டும். பார்வைக்குச் சிவப்பாக இருப்பதெல்லாம் சிவப்பு இறைச்சி என்றே மாணவர்கள் நினைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரையறைப்படி பாலூட்டிகளின் தசை இறைச்சி எல்லாமே சிவப்பு இறைச்சிதான். ஆடு, மாடு, எருமை, பன்றி, முயல் எல்லாம் இதில் அடங்கும். பன்றி இறைச்சி வெளிறி இருந்தாலும் சிவப்பு இறைச்சி. வாத்து இறைச்சி கருஞ்சிவப்பாக இருந்தாலும் அது பறவை, ஆகவே இந்த வகையில் சேராது. நம் ஊரில் 'மட்டன்' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் வெள்ளாடு அல்லது செம்மறி. மேலை நாட்டுப் புத்தகங்களில் அதே சொல் வளர்ந்த செம்மறியின் இறைச்சியை மட்டும் குறிக்கும். இணையத்தில் 'மட்டன்' என்று தேடி எடுத்த எண்ணை நம் வெள்ளாட்டுக்கறிக்குப் பொருத்தினால் கொழுப்பு அளவு தாறுமாறாக வருவது இதனால்தான்.

நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்யும் வேலையைத் தசைக்குள் இது செய்கிறது, அதாவது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஜான் கென்ட்ரூ 1958இல் திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்தார். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம் தெரியவந்தது அதுவே முதல்முறை. ஹீமோகுளோபினை ஆராய்ந்த மாக்ஸ் பெருட்சும் அவரும் 1962இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நீண்ட நேரம் மூச்சை அடக்கி நீருக்குள் இருக்கும் விலங்கின் தசையில் மயோகுளோபின் ஏன் நிறைய இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், ஆறாம் வகுப்பிலேயே சரியான விடை வரும். தசையில் மயோகுளோபின் கூடினால் சிவப்பும் கூடும், இரும்பும் கூடும். கிழட்டு மாட்டின் இறைச்சி கன்றின் இறைச்சியைவிடக் கருஞ்சிவப்பாக இருப்பதும் இதனால்தான்.

இனி எண்களுக்கு வருவோம். கீழே உள்ளவை அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையில் உள்ள அளவுகளை ஒட்டியவை. எல்லாம் 100 கிராம் பச்சை இறைச்சிக்கு, எலும்பில்லாமல், கொழுப்பு நீக்கிய தசைக்கு. கரும்பலகையில் இப்படியே எழுதிவிடலாம்.

வெள்ளாடு: 110 கிலோ கலோரி, புரதம் 20.6 கிராம், கொழுப்பு 2.3 கிராம், இரும்பு 2.8 மி.கி.
செம்மறி (தொடை): 130 கிலோ கலோரி, புரதம் 20.6 கிராம், கொழுப்பு 4.5 கிராம், இரும்பு 1.8 மி.கி.
மாடு: 130 கிலோ கலோரி, புரதம் 21.4 கிராம், கொழுப்பு 5 கிராம், இரும்பு 2.4 மி.கி.
எருமை: 100 கிலோ கலோரி, புரதம் 20.4 கிராம், கொழுப்பு 1.4 கிராம், இரும்பு 1.6 மி.கி.
பன்றி (இடுப்புத் தசை): 110 கிலோ கலோரி, புரதம் 21 கிராம், கொழுப்பு 2.2 கிராம், இரும்பு 1 மி.கி.

எழுதி முடித்ததும் எதுவும் சொல்லாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மாணவர்களே முதலில் புரதத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஐந்தும் ஏறக்குறைய ஒன்று. "இந்தக் கறி சாப்பிட்டால்தான் பலம்" என்று பெருமை பேசுவதற்கோ, "அந்தக் கறி மட்டம்" என்று சொல்வதற்கோ புரத வரிசையில் இடமே இல்லை. தசை என்பது எந்த விலங்கிலும் ஒரே வேலையைச் செய்யும் ஒரே வகைப் பொருள். அது ஆட்டின் காலில் இருந்தாலும் பன்றியின் இடுப்பில் இருந்தாலும் முக்கால் பங்கு நீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம்.

வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. ஆனால் அங்கும் விலங்கைவிட எந்தப் பகுதி என்பதுதான் பெரிய விஷயம். பன்றியின் இடுப்புத் தசையில் 2.2 கிராம் கொழுப்பு என்று பார்த்தோம். அதே பன்றியின் வயிற்றுப் பகுதியில் 100 கிராமுக்கு 53 கிராம் கொழுப்பு, 518 கிலோ கலோரி, புரதம் வெறும் 9 கிராம். ஒரே விலங்கு, ஒரு முழம் தள்ளி வெட்டினால் கணக்கு தலைகீழ். மாட்டிறைச்சியிலும் அப்படித்தான். கொழுப்போடு சேர்த்து அரைத்த கொத்துக்கறியில் 20 கிராம் கொழுப்பு வரை வரும். ஆகவே "மாட்டுக்கறியா, ஆட்டுக்கறியா" என்ற கேள்வியைக் கொஞ்சம் திருத்தி, "எந்தப் பகுதி, கொழுப்பு நீக்கியதா" என்று கேட்கப் பழக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது கொழுப்பைத் தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் அதிகம் சேர்க்காமல் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேர்த்து வைக்கிறது. வெள்ளாட்டுக்கறி செம்மறியைவிட மெலிந்திருப்பதற்கு அதுவே காரணம். கறிக்கடையில் அந்தக் கொழுப்பையும் ஒரு கை அள்ளித் தராசில் போட்டால் இந்த நன்மை போய்விடும்.

கொழுப்பின் தன்மையையும் அடுப்படியிலேயே காட்டலாம். ஆட்டுக்கறிக் குழம்பு மறுநாள் காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும். கோழிக்குழம்பில் அவ்வளவு கெட்டியாக உறையாது. ஆடும் மாடும் அசைபோடும் விலங்குகள். அவை தின்னும் புல்லில் உள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்களை இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகள் நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. நிறைவுற்ற கொழுப்பு அறை வெப்பத்தில் திண்மம். பன்றி அசைபோடாது. ஆகவே அது தின்ற கொழுப்பு பெரிதும் மாறாமலே உடம்பில் படிகிறது. பன்றிக் கொழுப்பில் நிறைவுற்றது சுமார் 40 விழுக்காடு, மாட்டுக் கொழுப்பில் சுமார் 50. "பன்றிக்கறிதான் கொழுப்பிலேயே மோசம்" என்று உறுதியாக நம்பும் பெரியவர்களுக்கும் இந்த எண் வியப்பாகவே இருக்கும்.

அதே நுண்ணுயிரிகள் நமக்கு ஒரு நன்மையும் செய்கின்றன. வைட்டமின் பி12ஐத் தாவரமும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது. பாக்டீரியா மட்டுமே உண்டாக்கும். புல்லில் உள்ள கோபால்ட்டைக் கொண்டு அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அந்த வேலை நடக்கிறது. 100 கிராம் செம்மறி இறைச்சியில் பி12 சுமார் 2.7 மைக்ரோகிராம், மாட்டில் 2.2, எருமையில் 1.7, வெள்ளாட்டில் 1.1, பன்றியில் 0.5. வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்திருக்கிறது. துத்தநாகத்திலும் மாடு முன்னால் நிற்கிறது: மாட்டில் 5 மி.கி., வெள்ளாட்டில் 4, பன்றியில் 2க்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் தயமின் எனும் வைட்டமின் பி1க்கு வந்தால் பன்றியை நெருங்க எதுவும் இல்லை. மற்ற இறைச்சிகளில் 100 கிராமுக்கு 0.1 மி.கி. அளவில் இருக்க, மெலிந்த பன்றி இறைச்சியில் 1 மி.கி., பத்து மடங்கு. பட்டை தீட்டிய அரிசியை முக்கிய உணவாகக் கொண்ட மக்களைப் பெரிபெரி வாட்டியது இந்தத் தயமின் குறைவால்தான். இங்கேயும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று முதலிடம், ஊரில் எந்தக் கறிக்கு என்ன மதிப்பு என்பதற்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒப்பிடும்போது நிகழும் ஒரு பெரிய பிழையைக் கணித வகுப்பில் காட்டலாம். வெள்ளாட்டிறைச்சிக்கு இரண்டு வரி எழுதுங்கள். பச்சையாக 100 கிராம்: 109 கிலோ கலோரி, புரதம் 20.6 கிராம், கொழுப்பு 2.31 கிராம், இரும்பு 2.83 மி.கி. சமைத்தது 100 கிராம்: 143 கிலோ கலோரி, புரதம் 27.1 கிராம், கொழுப்பு 3.03 கிராம், இரும்பு 3.73 மி.கி. "வேகவைத்தால் இரும்பு கூடிவிடுமா?" என்று கேளுங்கள். "சட்டியிலிருந்து இறங்கும் சார்" என்று ஒருவராவது சொல்வார். பிறகு முதல் வரியின் ஒவ்வோர் எண்ணையும் இரண்டாம் வரியின் எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். நான்கிலும் 0.76 வரும். நான்கு வெவ்வேறு சத்துகள் ஒரே விகிதத்தில் கூடினால், கூடியது சத்து அல்ல, குறைந்தது நீர். 100 கிராம் கறி வெந்து 76 கிராமாகச் சுருங்கியிருக்கிறது. இதை அவர்களே கண்டுபிடிக்கும் நேரம் அருமையான நேரம், அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது. இது புரிந்தபின், சமைத்த மாட்டுக்கறியின் எண்ணையும் பச்சை ஆட்டுக்கறியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து "எது சிறந்தது" என்று முழங்கும் காணொளிகளை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், அடுத்து வரும் இரும்புக்காக. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. அதே வயது ஆண்களில் 31.1. நம் உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி வகுப்புகளில் காலை வழிபாட்டில் மயங்கிச் சாய்வதும், மூன்றாம் பாடவேளைக்குள் மேசையில் தலை வைப்பதும் சோம்பல் என்று எழுதிவிடக் கூடியவை அல்ல. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 30 மி.கி. இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது, அதே வயது ஆணுக்கு 22 மி.கி. வளர்ச்சியோடு மாதவிலக்கும் சேர்வதால் இந்த வித்தியாசம்.

30 மி.கி.யை வெள்ளாட்டுக்கறியால் மட்டும் நிரப்ப எத்தனை கிராம் வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னால் ஒரு கிலோவைத் தாண்டும். எந்த வீட்டிலும் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். அந்த 30 என்பது தானியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நம் சாப்பாட்டில் இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதைக் கணக்கில் எடுத்து வைத்த அளவு. தட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பது ஒன்று, உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறொன்று. இறைச்சியில் உள்ள இரும்பில் ஏறத்தாழ பாதி ஹீம் இரும்பு, அதாவது மயோகுளோபினோடு சேர்ந்த இரும்பு. அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை உறிஞ்சப்படும். மீதிப் பாதியும், தாவர உணவில் உள்ள இரும்பு முழுவதும் ஹீம் அல்லாதது. பைட்டேட்டும் டானினும் அதைப் பிடித்துக்கொள்வதால் பல வேளைகளில் 5 விழுக்காடுதான் உள்ளே போகும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. 100 கிராம் வெள்ளாட்டுக்கறியில் இரும்பு 2.8 மி.கி. பாதியில் 25 விழுக்காடும் மறுபாதியில் 5 விழுக்காடும் உறிஞ்சப்படுவதாகக் கொண்டால் 0.35ம் 0.07ம் சேர்ந்து 0.42 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் இரும்பு 4.6 மி.கி. என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணை. அதில் 5 விழுக்காடு 0.23 மி.கி. தட்டில் கேழ்வரகு முன்னால், உடம்பில் கறி முன்னால். ஆனால் கேழ்வரகை முளைகட்டினால் பைட்டேட் குறையும். கூழோடு ஒரு நெல்லிக்காயோ பாதி கொய்யாவோ சேர்ந்தால் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வந்த இலாபம் போய்விடும், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். கறி சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்கு இந்தப் பாடத்தில் கிடைக்கும் செய்தி இதுதான். ஆகவே இதைப் பின்குறிப்பாக வைக்காமல் கறிக்குச் சமமான நேரம் கொடுத்துச் சொல்ல வேண்டும். கறி சாப்பிடும் வீட்டுக்கும் ஒரு செய்தி உண்டு. சிறிது இறைச்சி சேர்ந்தாலே அந்த வேளையில் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. எனவே கால் கிலோவை ஒருவர் தின்பதைவிட ஐந்து பேர் பகிர்ந்து பருப்புக் குழம்போடு சாப்பிடுவது இரும்புக் கணக்கில் சிறந்தது.

பகிர்வு என்று வரும்போது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல வீடுகளில் துண்டு ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், குழம்பும் எலும்பும் கடைசியில் உட்காரும் பெண்களுக்கும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. 30ஐயும் 22ஐயும் கரும்பலகையில் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும், நாம் அந்த வழக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. பையன்களே பேசுவார்கள்.

ஆட்டு மண்ணீரலைச் சுவரொட்டி என்று நம் பாட்டிமார் கேட்டு வாங்கி, வெளுத்துப்போன பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்தார்கள். அதில் எண்கள் அவர்கள் பக்கம்தான். செம்மறியின் மண்ணீரலில் 100 கிராமுக்கு சுமார் 42 மி.கி. இரும்பு, ஈரலில் 7 மி.கி.க்குமேல். தசை இறைச்சி இதற்குப் பக்கத்திலேயே வராது. ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால் கருவுற்ற பெண்கள் அதை அடிக்கடி சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டி வைத்தியம் எல்லாமே சரி என்றும் சொல்லிவிட முடியாது. நெஞ்செலும்பு சூப்பில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்பது நம்பிக்கை. எலும்பில் இருப்பது சூப்பில் மிகக் கொஞ்சமே இறங்கும், 100 கிராம் கேழ்வரகில் உள்ள 364 மி.கி.க்கு அருகில்கூட வராது. சூடும் மிளகும் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்வியும் வரும். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவிலும் சிவப்பு இறைச்சியை 2ஏ பிரிவிலும் சேர்த்தது. சாசேஜ், சலாமி, ஹாம் போன்றவை பதப்படுத்தியவை. அவற்றை நாளும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணிப்பு. 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று இதைப் படிக்கும் பெரியவர்களே நிறைய. 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு கூடினால் அது 5.9 ஆகும். முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்றும் பொருள் இல்லை. பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வரம்பை எட்டுவதே அரிது. அவர்களிடம் போய்க் கறியைக் குறையுங்கள் என்று அச்சுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொட்டலச் சாசேஜைத் தவிர்க்கச் சொல்லலாம்.

வகுப்பை நடத்தும் முறை பற்றி இரண்டு செய்திகள். "உங்கள் வீட்டில் என்ன கறி" என்று யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம், கை தூக்கவும் சொல்ல வேண்டாம். மதமும் சாதியும் விரதமும் வறுமையும் அந்தக் கைக்குப் பின்னால் நிற்கின்றன. அதற்குப் பதிலாக, ஊர்ச் சந்தையில் வெள்ளாடு, மாடு, பன்றி, முட்டை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு ஆகியவற்றின் விலையைக் குழுவாகக் கேட்டுவரச் சொல்லி, 100 ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று கணக்கிடச் செய்யலாம். பல ஊர்களில் மாட்டிறைச்சியின் விலை ஆட்டிறைச்சியில் பாதிக்கும் குறைவு. பயறு அதையும் முந்தும். எலும்போடு விற்கும் கறியில் கால் பங்கு எலும்பு என்று கழித்துக் கணக்கிட வேண்டும், பெரும்பாலான குழுக்கள் இதில்தான் தவறும். இரண்டாவது, நம் முகம். பன்றி, மாடு என்ற சொற்களை ஆடு என்று சொல்லும் அதே குரலில் சொல்லிப் பழக வேண்டும். கண்ணாடி முன் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலும் தவறில்லை.

ஏற்கெனவே இரத்தசோகை வந்துவிட்ட குழந்தைக்கு உணவு மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நாம் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 60ஐயும் வெள்ளாட்டுக்கறியின் 2.8ஐயும் பக்கத்தில் எழுதினால், அதைச் சன்னலுக்கு வெளியே வீசும் மாணவிக்கு அது என்னவென்று புரியும். மதிய உணவுக்குப் பின், டீயோ பாலோ இல்லாமல், தண்ணீரோடு விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மறுவாரம் பயந்து மறுக்க மாட்டார்கள். கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் சுவரொட்டியும் மாத்திரையும் சேர்ந்தும் ஈடுகட்ட முடியாது. ஆகவே குடற்புழு நீக்க நாளன்று விடுப்பில் இருந்த பிள்ளைகளின் பெயரைக் குறித்து வைத்து, விடுபட்டோருக்கான நாளில் அவர்களுக்கு மாத்திரை கிடைத்ததா என்று வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.